பாறைக்கடியில் யோபு

அக்டோபர் 27, 2024, ஞாயிறு

நவம்பர் 10 இளைஞர் கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். தலைப்பு அவர் கொடுத்ததல்ல. பிள்ளைகள் சீட்டெழுதிப் போட்டதில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதானாம்: கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர் என்றால் கெட்டது நடக்க ஏன் விடுகிறார்? ஒரு சீட்டில், "எங்க தாத்தா என்ன தப்பு பண்ணாரு?" என்று மட்டும் இருந்தது.

இன்றைய நற்செய்தி பர்த்திமேயு. எரிகோ வழியோரம் உட்கார்ந்து கத்துகிற பார்வையற்றவர். கூட்டம் அவரை அதட்டி அடக்கப் பார்க்கிறது. இயேசு நின்று, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். எதனால் கண் போனது என்று அங்கே ஒருவரும் விசாரிக்கவில்லை. யோவான் 9இல் சீடர்கள் விசாரிக்கிறார்கள்: பிறவிக் குருடு, இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா? இரண்டும் இல்லை என்கிறார் இயேசு.

கோலார் தங்கவயலில் நான் பிறந்ததிலிருந்து கேட்டு வருவது சீடர்களின் கேள்வியைத்தான். சுரங்கத் தொழிலாளர் லைனில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் "என்ன பாவம் பண்ணாங்களோ" என்று ஒரு குரல் எழும். சிலர் தலையெழுத்து என்பார்கள். நம்மவர்கள் சாபம் என்பார்கள். தலைமுறைச் சாபம் என்று ஜெபக்கூட்டங்களில் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. பாறைத் தூசியைச் சுவாசித்துச் செத்தவரின் பேரனிடம் போய் அப்படிச் சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ! அந்தக் கதவை இயேசுவே சாத்திவிட்டார். என் பேச்சில் முதலில் இதைத்தான் சொல்வேன், குரலை உயர்த்தியே சொல்வேன்.

அக்டோபர் 28, திங்கள்

யோபு புத்தகத்தை எடுத்தேன். 28ஆவது அதிகாரத்தில் நின்றுவிட்டேன். தங்கவயல்காரர்கள் அதை மற்றவர்கள் வாசிப்பதுபோல் வாசித்துவிட முடியாது. அது சுரங்கம் தோண்டுகிறவர்களைப் பற்றிய பாட்டு. ஊர் நடமாட்டம் இல்லாத இடத்தில் குழி வெட்டி, அந்தரத்தில் தொங்கி இறங்கி, எந்தப் பறவையின் கண்ணுக்கும் படாத வழியில் இருட்டின் கடைசி வரை போகிறார்கள். பொன் கிடைக்கிறது. ஞானம் கிடைக்கவில்லை. துன்பத்துக்குக் காரணம் தேடுகிற புத்தகத்தின் நடுவே ஒரு சுரங்கத் தொழிலாளியைக் கொண்டுவந்து நிறுத்திய அந்தப் புலவர் யாரோ, எங்கள் ஆட்களை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1880இல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கச் சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையார்களுக்கும் தப்பி வந்தவர்கள் எங்கள் பாட்டன் பூட்டன்மார். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். குளிர்ந்த காற்றை மேலிருந்து தள்ளினால்தான் ஆள் நிற்க முடியும். 2001 பிப்ரவரி 28இல் மூடும் வரை சுமார் 800 டன் தங்கம் எடுத்ததாகக் கணக்கு.

அப்பா கீழே வேலை பார்த்தவர். தங்கத்தைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. ஆனால் 1965இல் டாடா ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து, இங்கே இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, நியூட்ரினோவின் தடத்தைக் கண்டதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். பாறையால் தடுக்க முடியாத ஒன்று இருக்கிறது என்பது அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பிள்ளைகளுக்கு யோபின் முடிவையும் சொல்ல வேண்டும். யோபின் நண்பர்கள் கடவுளுக்காக வாதாடுகிறார்கள்: நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், கடவுள் அநியாயம் செய்யமாட்டார். யோபு கடவுளை நோக்கிக் கத்துகிறார். கடைசியில் கடவுள் பேசும்போது, என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்று சொல்லி நண்பர்களைக் கண்டிக்கிறார். பக்தியாகப் பேசியவர்களுக்குக் கண்டனம், கத்தியவனுக்கு அங்கீகாரம். இதை நம் பிரசங்கங்களில் ஏன் சொல்வதில்லை?

இன்னொன்று எனக்கு ஆறவில்லை. முடிவில் யோபுக்கு மறுபடியும் பத்துப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். செத்துப்போன முதல் பத்துப் பேர்?

அக்டோபர் 30, புதன்

திருச்சபை பொதுவாகத் தரும் பதில் மனித சுதந்திரம். தீமை கடவுள் படைத்த பொருள் அல்ல, நன்மையின் குறைவு. அன்பு செய்ய வேண்டுமென்றால் சுதந்திரம் வேண்டும், சுதந்திரம் இருந்தால் அதைக் கெடுக்கவும் முடியும். அகுஸ்தீனார் காலத்திலிருந்து வரும் வழி இது. நான் இதைத் தள்ளவில்லை. ஆனால் தங்கவயலில் நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. யாருடைய சுதந்திரம், யாருடைய நுரையீரல்?

1940களில் இங்கே 7,653 தொழிலாளர்களைச் சோதித்ததில் 43.7 சதவீதம் பேருக்கு சிலிக்கோசிஸ் இருந்தது. ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர். படிகக்கல் பாறையைத் துளைக்கும்போது பறக்கிற தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிறது. வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரும். குணமாக்க மருந்து கிடையாது. காசநோய் சுலபமாகப் பிடிக்கும். மைசூர் சமஸ்தானத்தில் இந்த நோய்க்கு நஷ்டஈட்டு விதி வந்தது 1940இல், சுரங்கம் தொடங்கி அறுபது வருடம் கழித்து. அத்தனை வருடமும் லாபப் பங்கு லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தூசியை அனுமதித்தவர்களுக்குப் பெயர் உண்டு, மேசை உண்டு, கையெழுத்து உண்டு. இதையெல்லாம் தாண்டி நேராகக் கடவுளிடம் போய் ஏன் அனுமதித்தீர் என்று கேட்பது, நடுவில் இருக்கிறவர்களைச் சும்மா விடுவது. மேய்ப்பர்களும் முதலாளிகளும் இந்தச் சுற்றுவழியைத் தெரிந்தே பல தடவை பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

துன்பம் ஆன்மாவைப் பண்படுத்துகிறது என்று இன்னொரு பதில். இரண்டாம் நூற்றாண்டு இரேனியுவின் சிந்தனையை எடுத்து ஜான் ஹிக் 1966இல் விரிவாக எழுதியது. அப்பா கடைசி வருடங்களில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். பொறுமையானவர், யாரையும் வையாதவர். ஆனால் அவர் தூசிக்கு முன்பே அப்படித்தான் இருந்தார். நோய்தான் அவரை நல்லவராக்கியது என்று யாராவது சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன்.

1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டைப் புரட்டினேன். கடவுள் தீமையிலிருந்தும் நன்மையைக் கொண்டுவர வல்லவர், ஆனாலும் அதனால் தீமை நன்மையாகிவிடாது என்று 312ஆம் எண்ணில் இருக்கிறது. இதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

நவம்பர் 1, வெள்ளி

புனிதர் அனைவர் பெருவிழா. கன்னட ராஜ்யோத்ஸவமும் இன்றுதான். பேட்டை முழுக்க மஞ்சள் சிவப்புக் கொடி. நேற்றைய தீபாவளிப் பட்டாசுக் காகிதம் இன்னும் வாசலில் கிடக்கிறது.

1755இல் இதே பெருவிழா நாள் காலையில்தான் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் விழுந்தது. கோயில்கள் நிறைய ஜனம். பீடத்து மெழுகுவர்த்திகளும் சரிந்து தீ பரவ, பிறகு கடலும் ஏறி வந்தது. நாம் இருப்பது இருக்கக்கூடிய உலகங்களில் மிகச் சிறந்தது என்று லைப்னிட்ஸ் 1710இல் எழுதியிருந்தார். லிஸ்பனுக்குப் பிறகு அந்தப் பேச்சை வால்டேர் நார்நாராகக் கிழித்தார். அறிஞர்கள் தீமையை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். மனிதன் செய்வது ஒன்று, இயற்கை செய்வது ஒன்று. முன்னதற்குச் சுதந்திரம் பதில். பின்னதற்குப் பதில் கிடையாது, அல்லது பலவீனமான பதில்கள்.

எங்கள் ஊரின் பெரிய சாவுகள் இந்த இரண்டு பெட்டியிலும் அடங்காது. இங்கே பாறை வெடிக்கும். அதுவும் ஒருவகை நில அதிர்ச்சிதான். மேலே வீட்டுச் சுவர் நடுங்கும், பாத்திரம் உருளும், பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஷாஃப்ட்டை நோக்கி ஓடுவார்கள். ஆனால் அது தானாக வந்த பூகம்பமா? தாதுவை வெட்டி எடுக்க எடுக்க, மேலே இருக்கிற பாறையின் பாரமெல்லாம் மிச்சமிருக்கும் பாறை மேல் ஏறுகிறது. தாங்க முடியாத கணத்தில் அது சிதறுகிறது. கருங்கல்லை அடுக்கி முட்டுக்கொடுத்தார்கள். பிற்காலத்தில் கான்கிரீட் வந்தது. ஆழம் கூடக்கூட ஆபத்தும் கூடியது. பாறையின் குணம் கடவுள் கொடுத்தது. அந்த ஆழத்துக்கு ஆளை இறக்கியது சந்தை. எது இயற்கை, எது மனிதன் என்று அங்கே கோடு போட முடியாது. வேதியியலும் பேராசையும் சேர்ந்து செய்த போபால் விஷவாயு விபத்திலும் முடியாது.

லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இல்லை. கோபுரத்தைக் கட்டியவன் யார், எந்தக் கல்லைக் குறைத்தான் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் செத்தவர்கள் மேல் பழி போடுவதை நிறுத்தினார். உயிரோடு இருக்கிறவர்களை மனம்மாறச் சொன்னார். விபத்து நடந்த இடத்தில் நின்று செய்யத்தக்க இரண்டு காரியங்களும் அவைதான்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். காலையிலேயே கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது. பெங்களூருக்கு விடியற்காலை ரயில் ஏறுகிறவர்கள்கூட இன்று லீவு போட்டு வந்திருந்தார்கள். அப்பா கல்லறையைக் கழுவி, செவ்வந்தி போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

முதல் வாசகம் யோபு 19. தன்னை மீட்கிறவர் உயிரோடு இருக்கிறார், தன் கண்களாலேயே அவரைக் காண்பேன் என்று யோபு நம்புகிற இடம். அதே அதிகாரத்தில் சற்று மேலே, அநியாயம் என்று கத்துகிறேன், கேட்பார் இல்லை என்றும் அவர்தான் சொல்கிறார். பூசையில் அந்தப் பகுதியை விட்டுவிட்டுத்தான் வாசிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தானே யோபு?

எங்கள் லைனில் ஒரு தாய். நான்கு வயதுப் பையனை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவள். சின்னக் கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வயதான அம்மா ஒருவர் அவளைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னார்: "சாமி தனக்குப் புடிச்ச பூவைப் பறிச்சிக்கிட்டாரும்மா."

அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அவருக்குத்தான் எவ்ளோ பூ இருக்குதே, பாட்டி. எனக்கு ஒண்ணுதானே இருந்துச்சு."

பாட்டி அழுதுவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்ல எதுவும் இல்லை, சொல்லவும் இல்லை.

இங்கே மேசையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. புதன்கிழமை எழுதிய வாதம் இந்தக் கல்லறை முன்னால் ஓர் அடிகூட நகராது. ஒரு செல் தவறிப் பிரிந்ததற்கு லண்டனில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஜான் டெய்லர் இங்கே தோண்டத் தொடங்கிய அதே 1880இல் தஸ்தயேவ்ஸ்கி 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலை எழுதி முடித்தார். அதில் இவான் சொல்வது இதைத்தான்: ஒரு குழந்தையின் கண்ணீரை விலையாகக் கொடுத்துத்தான் சொர்க்கத்தின் இசைவு கிடைக்கும் என்றால் எனக்கு அது வேண்டாம், என் நுழைவுச்சீட்டைத் திருப்பித் தருகிறேன். எழுதியவர் விசுவாசி. மூன்று வயதுகூட நிரம்பாத தன் மகன் இறந்துபோன துக்கத்தோடு எழுதியவர். இவானுக்கு அவர் வாதத்தால் பதில் சொல்லவில்லை.

குழந்தையின் சாவு கடவுளின் திட்டம் என்று நான் எந்தத் தாயிடமும் சொல்லமாட்டேன். பவுல் 1 கொரிந்தியர் 15இல் சாவைக் கடவுளின் வேலைக்காரன் என்று சொல்லவில்லை. கடைசிப் பகைவன் என்கிறார். பகைவன் செய்ததற்கு ஏன் கடவுளின் கையெழுத்தைப் போட வேண்டும்?

நவம்பர் 4, திங்கள்

1946இல் இதே நாள், இங்கே நடந்த வேலைநிறுத்தத்தின்போது ஆறு தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். செங்கொடிக்காரர்கள் இன்றும் அஞ்சலி செலுத்துகிறார்கள். நம் கோயில்களில் அந்த ஆறு பேருக்காக ஒரு ஜெபமும் கிடையாது. ஃபாதரிடம் சொல்ல வேண்டும்.

தங்கவயலில், தீமை ஏன் என்ற கேள்விக்கு வேறு பதிலும் வேர்விட்டிருக்கிறது. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே மாரிக்குப்பத்தில் கிளைவிட்டது. அவருக்குப் பின் 'தமிழன்' இதழை ஜி. அப்பாதுரையார் இங்கிருந்து நடத்தினார். தீமைக்குக் காரணம் கடவுளிடம் இல்லை, ஆசையிலும் அறியாமையிலும் சாதியிலும் இருக்கிறது, அதைக் களை என்றார்கள். எங்கள் தாத்தா வகையில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போனவர்கள். அவர்களை நான் மதிக்கிறேன். சாதிக்குக் கடவுளின் முத்திரை குத்தப்பட்டதைப் பார்த்தவர்கள் கடவுளே வேண்டாம் என்றதில் நியாயம் இருக்கிறது.

கிறிஸ்தவத்துக்குள்ளிருந்து அதே கோபத்தோடு பேசியவர்களும் உண்டு. 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்துதான் தலித் இறையியல் தொடங்கியது என்பார்கள். மதுரையில் தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று எல்லோரும் அழைத்தவர், நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டி அதையே இறையியலாக்கினார். ஏழையின் துன்பத்துக்கு விளக்கம் சொல்லாதே, ஏழைக்குப் பக்கத்தில் நில் என்பதை நான் இவர்களிடம்தான் கற்றேன்.

சுரங்கத்தை மூடியதோடு கீழே இறங்குவது நிற்கவில்லை. 2011 அக்டோபரில் இதே ஊரில் மலக்குழிக்குள் இறங்கிய மூன்று பேர் செத்தார்கள். 2013இல் கையால் மலம் அள்ளுவதற்குப் புதிய தடைச்சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் நாட்டில் சாவுச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. இதற்குமா கடவுளைக் கேட்க வேண்டும்?

நவம்பர் 6, புதன்

மழை. வேளாங்கண்ணிக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு அக்கா எண்ணெயும் பொரியும் கொடுத்தார். 2004 டிசம்பர் 26 சுனாமிப் பேச்சு வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. கடல் பேராலயத்துக்குள் வரவில்லை, மாதா காப்பாற்றினார் என்று அக்கா சொன்னார். பேராலயத்துக்குள் இருந்தவர்கள் நன்றி சொல்வது இயல்பு. ஆனால் கடற்கரையில் நின்றிருந்தவர்களும் மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தானே? கட்டடத்தைக் காப்பாற்றி ஜனத்தை விட்டுவிடுகிற தாயை எனக்குத் தெரியாது என்றேன். அக்காவுக்கு வருத்தம். நாளைக்குப் போய்ப் பேச வேண்டும். ஆனால் சொன்னதை மாற்றப் போவதில்லை.

நவம்பர் 8, வெள்ளி

பேச்சின் நடுப்பகுதியை இன்று எழுதினேன். இதுவரை எழுதியதெல்லாம் எதைச் சொல்லக்கூடாது என்பதுதான். நான் எதை விசுவசிக்கிறேன்?

லாசரின் கல்லறையில் இயேசு அழுதார். இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். முடிவில் எல்லாம் சரியாகிவிடும் என்பது அழுகையை நிறுத்தக் காரணமாகவில்லை. சிலுவையில் அவர் கேட்டதும் 'ஏன்' என்றுதான். 22ஆம் சங்கீதத்தின் கேள்வி. வானத்திலிருந்து பதில் வரவில்லை. ஆக, ஏன் என்று கேட்கிறவன் விசுவாசத்துக்கு வெளியே போகவில்லை. கிறிஸ்து நின்ற இடத்தில்தான் நிற்கிறான். யூர்கன் மோல்ட்மன் 1972இல் எழுதிய 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' இதைத்தான் பேசுகிறது. அவர் போர்க்கைதியாக முகாமில் கிடந்தபோது இயேசுவின் அந்தக் கதறலை வாசித்து விசுவாசியானவர்.

இயேசு பாதாளத்துக்கு இறங்கினார் என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோம். ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அப்பா அதை முணுமுணுப்பார். இறங்குகிற கூண்டில் தனக்கு முன்பே ஒருத்தர் இருக்கிறார் என்று அவருக்கு நம்பிக்கை.

ஆனால் கூடவே இருக்கிறார் என்பதோடு நிறுத்தினால் எனக்குப் போதாது. துணைக்கு உட்கார்ந்து அழுகிற கடவுளை நேசிக்கலாம், அவரிடம் நீதி கேட்க முடியாது. உயிர்ப்பு என்பதை நான் தீர்ப்பு மாற்றமாகவே வாசிக்கிறேன். பிலாத்துவின் கையெழுத்தைக் கடவுள் ஏற்கவில்லை. கொன்றவர்களின் கோப்பு மூடப்படவில்லை. உயிர்த்தவரின் கையில் தழும்பு அப்படியே இருந்தது. நடந்தது நடக்காததாக ஆகவில்லை, நல்லதாகவும் ஆகவில்லை. அப்பாவின் நுரையீரல் தழும்பையும் கடவுள் அப்படித்தான் வைத்திருப்பார், மறக்காமல், நியாயப்படுத்தாமல்.

இது 'ஏன்' என்பதற்கு விடையல்ல என்று எனக்குத் தெரியும். விடை தெரிந்தவர்போல் பேசிய யோபின் நண்பர்களோடு நிற்பதைவிட விடையில்லாமல் இந்தக் கடவுளோடு நிற்பதையே நான் தேர்ந்துகொள்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு

நற்செய்தி ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசு. அவளுடைய தாராளத்தைப் புகழ்ந்து மறையுரை போனது. அதற்கு முந்தின வசனங்களில் கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிற மறைநூல் அறிஞர்களை இயேசு திட்டுகிறார். அவளிடம் ஏன் இரண்டே காசு மிச்சம் என்று அதற்குப் பிறகுதான் புரிகிறது. கூட்டத்தில் இதையும் சேர்த்துச் சொன்னேன்.

ஹால் நிறைய பிள்ளைகள். நன்றாகக் கேட்டார்கள். முடிந்ததும் ஒரு பையன் எழுந்தான். அப்பா பெங்களூரில் செக்யூரிட்டி வேலை. வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டில்.

"டீச்சர், அவர் நீதி செய்வாருன்னா இன்னும் எவ்ளோ நாள்?"

திருவெளிப்பாடு 6ஆம் அதிகாரத்தை அவனையே வாசிக்கச் சொன்னேன். கொல்லப்பட்டவர்கள் பலிபீடத்தின் அடியிலிருந்து கேட்பதும் இதே கேள்விதான். அவர்கள் ஏற்கெனவே கடவுளிடம் போய்ச் சேர்ந்தவர்கள், இருந்தும் இன்னும் கேட்கிறார்கள். "மோட்சத்திலயே கேக்குறாங்களா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் முகத்தில் ஏதோ தெளிந்தது.

மாணவி ஒருத்தி, நர்சிங் படிக்கிறவள், வேறொன்று கேட்டாள்: "கல்லறைத் திருநாளுக்குப் பேர் மட்டும் வாசிக்கிறோம். எப்படிச் செத்தாங்கன்னு ஏன் வாசிக்கிறதில்லை?"

அதிலிருந்து பேச்சு சூடுபிடித்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதலாம் என்று முடிவானது. பாறை வெடித்து, தூசியால், குழியில், பிரசவத்தில், புற்றுநோயில். எந்தச் சாவுக்கு எந்த மனிதன் பொறுப்பு, எந்தச் சாவுக்கு யாரையும் சொல்ல முடியாது என்று பிள்ளைகளே பிரித்துப் பார்க்கட்டும். பிரிக்க முடியாததை அப்படியே எழுதட்டும். அடுத்த வருடம் நவம்பர் 2இல் பூசையில் வாசிக்க ஃபாதர் சம்மதித்துவிட்டார். 1946இன் ஆறு பேரையும் சேர்க்கக் கேட்டேன். சரி என்றார்.

பதினான்கு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நீள நோட்டு வாங்க ராபர்ட்சன்பேட்டைக்குப் போக வேண்டும். முதல் வீடு, சீட்டில் தாத்தாவைப் பற்றி எழுதிய பெண்ணின் வீடு. அவளே வந்து சொன்னாள். புதன்கிழமை சாயந்திரம் போகிறோம்.